நான்கு பாயிண்ட் எழுத்து

கிருஷ்ணகிரி பழையபேட்டையில்
டயர் கடைக்கு மேல்மாடி.
கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி,
மாங்கூழ் ஆலைக்கு ரசீதுப் புத்தகம்
எல்லாம் என் விரல் வழியாகத்தான் போகும்.
கண்ணீர் அஞ்சலிக்கு மட்டும்
பிழை பார்க்க யாரும் உட்காருவதில்லை.

திம்மராயன் வந்தது வைகாசிக் கடைசியில்.
கையில் ஒரு வெள்ளை டப்பா,
மேலே ஒரு எழுத்துமில்லை.
லேபிள் வேண்டும், இரண்டாயிரம் என்றார்.
"ஓரமா ஒரு இலை போடும்மா."
என்ன இலை?
"பச்சையா ஏதாச்சும்."

இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது அந்த இலை.
எந்த ஊர்ச் செடியோ,
செடியே இல்லையோ.
நுனியில் ஒரு பனித்துளி வைத்தேன்,
அது என் சொந்த வேலை.

'ஏழே நாளில்' என்பதை
இருபத்தெட்டு பாயிண்டில் கேட்டார். கொடுத்தேன்.
என்னென்ன சேர்ந்திருக்கு, அந்த லிஸ்ட் சார்?
அவர் டப்பாவைப் பார்த்தார்.
டப்பா அவரைப் பார்த்தது.
"வேற கம்பெனிது எதையாச்சும் பார்த்து அடிச்சிடு.
நாலு பாயிண்ட்ல.
யாரு படிக்கப் போறா?"

நான் படிப்பேன்.

என் ஓரகத்தி மாதேஸ்வரி
தம்பி கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியதும்
இப்படியொரு வெள்ளை டப்பாதான்,
காவேரிப்பட்டினம் பார்லரில், முந்நூறு ரூபாய்.
ஏழே நாளில் வெளுத்தாள். அதில் பொய்யில்லை.
போட்டோவில் மணப்பெண்ணைவிட அவள்தான் தெரிந்தாள்.
ஆடி வந்தபோது அடுப்பின் முன் நிற்க முடியவில்லை.
வெயில் பட்டால் முகம் மிளகாய் அரைத்த அம்மி.
நிறுத்தினால் இன்னும் எரிந்தது,
அதனால் மறுபடி பூசினாள்.

தருமபுரி பெரியாஸ்பத்திரியில் டாக்டர்
டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
பாதரசமா இருக்கலாம், ஸ்டீராய்டா இருக்கலாம்.
"இதுல என்ன இருந்துச்சும்மா?"
இரண்டு மருமகள்கள் நின்றோம்,
ஒரு பதிலும் இல்லாமல்.

அதற்கப்புறம்தான் அந்தப் பழக்கம்.
கடை சாத்தும் நேரம்
வீட்டுச் சோப்பு உறையை, ஷாம்பூ பாக்கெட்டை
ஸ்கேனரில் கவிழ்த்து வைப்பேன்.
எண்ணூறு சதவீதம் பெரிதாக்கினால்
எறும்பு வரிசை எருமை வரிசையாகும்.
முதல் நாள் முதல் பெயர் 'அக்வா'.
நடுங்கிப்போய் பாக்கெட்டைக் குப்பையில் போட்டேன்.
அது தண்ணீராம்.
பைண்டிங் பையன் ரெண்டு நாள் சிரித்தான்.
சிரிக்கட்டும். பென்னாகரத்துக்காரி நான்,
தண்ணீருக்குப் பயந்ததில் என்ன தப்பு?
என் பல்லைப் பாருங்கள்.

பாதிப் பெயர்கள் இன்னும் வாயில் நுழையவில்லை.
நுழையாததெல்லாம் விஷம் என்று சொல்ல
நான் படித்தவள் இல்லை.
நுழைகிற சொல்லும் ஏமாற்றும்.
'நறுமணம்' என்று ஒன்று போடுவார்கள்,
அந்த ஒரு சொல்லுக்குள்
எத்தனை பேர் மூச்சுப் பிடித்து ஒளிந்திருக்கிறார்களோ.
ஒவ்வொன்றாய்க் குளியலறையை விட்டுப் போனது.
மை மட்டும் போகவில்லை. அதை விட மனசில்லை,
அதன் உறையை இன்னும் ஸ்கேன் செய்யவுமில்லை.

மறுநாள் திம்மராயனுக்கு மாதிரி காட்டினேன்.
இலை, பனித்துளி, ஏழே நாள்.
கீழே ஒரு கட்டம்,
'சேர்மானங்கள்' என்று பதினான்கு பாயிண்டில்.
அதற்குள் வெறும் வெள்ளை.
நீங்க சொல்லச் சொல்ல அடிக்கிறேன் சார் என்றேன்.
கொஞ்ச நேரம் ஃபேன் சுற்றுவது மட்டும் கேட்டது.
"காந்தி ரோட்டுல வேற பிரஸ் இருக்குது" என்று
படியிறங்கிப் போனார்.
இருக்கிறது. அவர்கள் அடித்தும் கொடுப்பார்கள்.
முதலாளி என்னிடம் பேசியதை
எந்த எழுத்துருவிலும் இங்கே வைக்க முடியாது.

டப்பாவை மறந்துவிட்டுப் போயிருந்தார்.
மூன்று நாளாய் மேசை ஓரத்தில்,
மூடி லேசாய்த் திறந்தபடி.
மாம்பழ சீசன். இந்த ஊரில்
ஈ உட்காராத இடம் கிடையாது,
என் மானிட்டரில், டீ கிளாஸில்,
கண்ணீர் அஞ்சலிக்கு வந்த போட்டோவின் மூக்கில்.
டப்பாவின்மேல் ஒன்றுகூட இல்லை.
ஈயைச் சாட்சிக்கு இழுக்க மாட்டேன்.
பார்த்தேன், சொல்கிறேன்,
அவ்வளவுதான்.